பழைய கார் என்ஜினில் துருப்பிடித்து இறுகியதைக் கழற்றுவது எப்படி

வாட்டர் பம்ப் மாற்றுவது ஒரு மணி நேர வேலை என்று கையேட்டில் போட்டிருக்கும். அது புது போல்ட்டுக்குச் சொன்ன கணக்கு. இருபது முப்பது வருஷம் சூட்டையும் ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்த போல்ட் என்றால், அந்த நாலைந்தையும் உடையாமல் வெளியே கொண்டுவருவதிலேயே பாதி நாள் போய்விடும், பம்ப் மாற்றுவது கடைசியில் வரும் சின்ன வேலை. இதற்குக் கை பலம் வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் உடைக்கிறார்கள். எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும், அப்புறம் கையில் வரும் உணர்வை வைத்து எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று தெரியவேண்டும். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

இரும்புக்குள் இரும்பு என்றால் பிடித்திருப்பது செந்துரு. இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடும், மரைக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ மயிரிழை அளவுதான், அதனால் உள்ளே துரு பிடிக்கப் பிடிக்க ஆப்பு வைத்த மாதிரி இறுகிக்கொண்டே போகிறது. ஆனால் துரு நுண்துளை நிறைந்தது, எண்ணெய் மெதுவாக உள்ளே போகும், அடித்தால் பொடியும். அலுமினிய ஹெட்டிலோ (சிலிண்டர்களின் மேல் மூடி) ஹவுசிங்கிலோ (பாகத்தின் கூடு) ஸ்டீல் போல்ட் என்றால் கதை வேறு. இரண்டு வேறு உலோகத்துக்கு நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பொடியாக வரும், அது நெருக்கமாக அடைந்துகொண்டு எண்ணெயை உள்ளே விடுவதேயில்லை. அங்கே சூடுதான் வழி. ஸ்பார்க் பிளக்கில் பிடித்திருப்பது கரி. இன்னும் சில போல்ட்டில் தொழிற்சாலையிலேயே பசை போட்டிருப்பார்கள், சிவப்பு ரகப் பசை 250 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில்தான் இளகும், அதற்கு எத்தனை டப்பா எண்ணெய் அடித்தாலும் வீண்.

ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால்

கம்பி பிரஷ்ஷால் போல்ட் தலையையும் அதைச் சுற்றியும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டிய மரையைக் கட்டாயம் சுத்தம் செய்யவேண்டும், நட் வெளியே வரப்போகும் பாதை அதுதான், அங்கே துரு இருந்தால் பாதி வழியில் மறுபடி இறுகும். ஆலன் தலை (அறுகோணக் குழி), டார்க்ஸ் தலை (நட்சத்திரக் குழி) என்றால் குழிக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் கிண்டி எடுத்துவிட்டு, பிட்டை உள்ளே வைத்து மேலே இரண்டு தட்டு தட்டி அடிவரை உட்காரவைத்த பிறகுதான் திருப்பவேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த பிட்தான் குழியை மழுக்குகிறது.

சாக்கெட் ஆறு பட்டை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும், துரு தின்ற தலையில் அது வழுக்கி உருட்டிவிடும். அளவையும் கவனியுங்கள். பழைய கார்களில் அங்குல அளவு போல்ட் வரும், அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ., அதில் 13 மி.மீ. சாக்கெட் போய் உட்காரும், லேசான போல்ட்டைக் கழற்றியும் விடும், இறுகின போல்ட்டில்தான் அந்த 0.3 மி.மீ. தலையைத் தின்றுவிடும். மாறாக முக்கால் அங்குலம் 19.05 மி.மீ., அதற்கு 19 நன்றாகவே பொருந்தும். துருவில் தலை இளைத்துப்போயிருந்தால் ஒரு அளவு சின்ன சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள், காருக்கு அடியில் படுத்துக்கொண்டோ என்ஜினுக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டோ திருப்பும்போது இறுக்கும் பக்கம் திருப்பி உடைத்தவர்கள் ஏராளம். போல்ட் தலையை நேரே பார்ப்பதாக மனசுக்குள் நினைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் எது என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் கிளட்சின் நட் இடது மரையாக இருக்கும், அதையும் கையேட்டில் பார்த்துவிடுவது நல்லது.

எண்ணெய், காத்திருப்பு, சுத்தியல்

பெனிட்ரேட்டிங் ஆயில் என்று தனியாக விற்பது வேறு, வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேறு. எல்லோர் கையிலும் இருக்கும் டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றுவதற்காக உருவானது, பெயரே அதைத்தான் சொல்கிறது, நாற்பதாவது முயற்சியில் வந்த கலவை என்பதால் 40. லேசான துருவுக்கு அது போதும், பல வருஷத் துருவுக்குப் போதாது. பலரும் கையில் கலக்கும் ஒரு கலவை உண்டு: ஆட்டோமேடிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. அசிட்டோன் எண்ணெயை நீர்க்கவைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அப்புறம் ஆவியாகிவிடும், எண்ணெய் மரைக்குள் தங்கும். இரண்டும் தானாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் விடவேண்டும். பெயிண்டையும் சில பிளாஸ்டிக்கையும் கரைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் நெருப்பு வைக்கப்போகும் இடத்தில் இதை வைத்துக்கொள்ளவே கூடாது.

எந்த எண்ணெய் என்பதை விட எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். அடித்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஸ்பேனர் வைப்பதில் ஒன்றுமில்லை. சாயங்காலம் அடித்து, தட்டி, ராத்திரி ஒருமுறை அடித்து, காலையில் ஒருமுறை அடித்து அப்புறம் தொடுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று நாள் இப்படியே விடுங்கள். எண்ணெய் வழிந்து ஓடிவிடும் இடம் என்றால் பொம்மை செய்யும் களிமண்ணால் போல்ட்டைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு கட்டி அதற்குள் தேக்கிவையுங்கள். ஓடுகிற என்ஜின் என்றால் லேசாகச் சூடாக்கி நிறுத்தி, ஆற ஆற எண்ணெய் விட்டால் சுருங்கும் உலோகம் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஆனால் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேல் அடித்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும், கை வைக்க முடிகிற சூடு வரும்வரை பொறுங்கள்.

நடுநடுவே சுத்தியல். போல்ட் தலை மேல் ஒரு பித்தளைக் கம்பியையோ பஞ்ச் என்ற இரும்பு முளையையோ நேராக வைத்து நாலைந்து உறுதியான அடி, தலையை நசுக்கும் அளவுக்கு இல்லாமல், உள்ளே அதிர்வு போகும் அளவுக்கு. துருவின் பிடி இப்படித்தான் விரிசல் விடும், அந்த விரிசலில்தான் எண்ணெய் இறங்கும். வார்ப்பிரும்புக் காதுகள், மெல்லிய அலுமினிய விளிம்புகள் பக்கத்தில் இருந்தால் அடியைக் குறையுங்கள், அவை விரிசல் விட்டால் போல்ட் பிரச்சினையெல்லாம் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடும்.

திருப்பும்போது கை என்ன சொல்கிறது

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி. நிறைய போல்ட் இந்தப் பக்கம்தான் முதலில் அசையும், அசைந்ததும் துருவின் பிடி போய்விடும். பிறகு கழற்றும் பக்கம், சீரான அழுத்தம், ஸ்பேனரின் முனையில் ஒரு கை, சாக்கெட் தலையை நேராகப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை.

இப்போது கவனியுங்கள். 'டக்' என்று கூர்மையான ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்து அடுத்த நொடி லேசாகச் சுழன்றால் நல்ல செய்தி. கல்லாக நின்றால் அதுவும் மோசமில்லை, இன்னும் எண்ணெயும் சூடும் கேட்கிறது, அவ்வளவுதான். பயப்படவேண்டியது மூன்றாவது உணர்வுக்கு: ரப்பரைத் திருகுவது மாதிரி மெத்தென்று கொஞ்சம் வரும், கையை விட்டால் திரும்பிப் போகும். தலை திரும்புகிறது, அடி திரும்பவில்லை, நடுவில் போல்ட் முறுகுகிறது என்று அர்த்தம். கையை விட்டும் திரும்பிப் போகாமல் அப்படியே நின்றுவிட்டால் உலோகம் இழுபட ஆரம்பித்துவிட்டது, இன்னொரு கால் திருப்பில் தலை கையோடு வரும். அங்கே நிறுத்துங்கள். இந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் பைப் போட்டுத் திருப்பினால்கூட உடைக்கமாட்டார்கள்.

அசைந்த பிறகும் அவசரம் கூடாது. கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தால் உள்ளே துருப்பொடி உருண்டு அடைக்கிறது. கால் திருப்பு வெளியே, அரைக்கால் திருப்பு உள்ளே, எண்ணெய், மறுபடி. பொடியெல்லாம் எண்ணெயோடு வெளியே வழிந்து வரும்.

அளவுக்கேற்ற பலம் என்று ஒன்று உண்டு. எம்6 போல்ட் (மரையின் விட்டம் 6 மி.மீ.), பெரும்பாலும் 10 மி.மீ. தலை, அதை இறுக்குவதே சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். எம்8-க்கு 25 பக்கம், எம்10-க்கு 50 பக்கம். டைமிங் கவர், தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப் என்று வரும் எம்6 போல்ட்டில் நீள பாரை வைத்தாலே உடைவது நிச்சயம். சின்ன ராட்செட், இரண்டு விரல் பலம், நிறைய பொறுமை. எம்10-க்கு மேலே இருந்தால் இம்பாக்ட் ரென்ச் நல்லது, அதன் சின்னச் சின்ன அடிகள் துருவை உடைக்கும், தொடர்ந்து முறுக்கும் பாரை விட அது போல்ட்டுக்கு மென்மையானதுகூட. குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள். ஸ்க்ரூ தலைகளுக்கு சுத்தியலால் அடிக்கும் கை இம்பாக்ட் டிரைவரை விட நல்ல கருவி இல்லை, அடி கீழே அழுத்தவும் செய்யும் திருப்பவும் செய்யும், குழி மழுங்காது.

சூடு

ஒரு டிகிரி சூடு ஏறினால் ஸ்டீல் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும், அலுமினியம் 23 பங்கு, கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதனால் அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட் என்றால் சுற்றியிருக்கும் அலுமினியத்தைச் சூடாக்கவேண்டும், இரண்டும் சேர்ந்து சூடானாலும் துளைதான் அதிகம் பெருக்கும். 8 மி.மீ. துளையில் 150 டிகிரி ஏற்றினால் கிடைக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். கேட்க அற்பமாக இருக்கிறது, ஆனால் மரைக்குள் அதுவே வாசல் திறந்த மாதிரி. தண்ணீர்த் துளி பட்டவுடன் சீறி மறையும் சூடு போதும், அதற்கு மேல் பேராசை வேண்டாம். சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், என்ஜின் வார்ப்புக் கலவைகள் 600-க்குக் கீழேயே இளக ஆரம்பிக்கும், உருகும்வரை நிறமே மாறாது. ஸ்டீல் சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் எச்சரிக்காமல் சொட்டிவிடும்.

இரும்பில் இரும்பு என்றால் வேறு மாதிரி யோசிக்கலாம். ஸ்டட்டில் நட் என்றால் நட்டை மட்டும் வேகமாகச் சிவக்க வைத்து, ஸ்டட் சூடாவதற்குள் திருப்புங்கள். வார்ப்பிரும்பு பிளாக்கில் போல்ட் என்றால் போல்ட் தலையையே சிவக்க வைத்து ஆறவிடுங்கள். விரிய இடமில்லாமல் அது நசுங்கி, ஆறும்போது முன்பிருந்ததை விடச் சற்று ஒல்லியாகிவிடும், துருவின் பிடி அத்தோடு முறியும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆறிக்கொண்டிருக்கும்போது ஒரு மெழுகுவர்த்தியை போல்ட்டின் விளிம்பில் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும், எண்ணெய் நுழையாத இடத்திலும் நுழையும். பழைய ஆட்கள் செய்வது, இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. மின்தூண்டலில் இயங்கும் சுருள் ஹீட்டர் கிடைத்தால் நெருப்பு ஊதும் டார்ச்சே வேண்டாம், தீ இல்லாமல் நட் மட்டும் சில நொடியில் சிவக்கும்.

டார்ச் எடுக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் குழாய்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மிக முக்கியமாக, பிரேக் கிளீனரால் கழுவிய இடத்தில் நெருப்போ வெல்டிங்கோ வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாகும், மிகக் கொஞ்சமே ஆளைக் கொல்லக்கூடியது. குளோரின் இல்லாததோ பெட்ரோல் மாதிரி பற்றும். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டைச் சுட்டால் வரும் வெள்ளைப் புகையையும் மூச்சில் இழுக்காதீர்கள்.

ஒவ்வொரு இடமாக

ஸ்பார்க் பிளக்கை, அலுமினிய ஹெட் என்றால் என்ஜின் ஆறின பிறகுதான் தொடவேண்டும், சூட்டில் அலுமினிய மரை மிருதுவாகிப் பிளக்கோடு சேர்ந்து கழன்று வரும். குழிக்குள் இருக்கும் மண்ணைக் காற்றால் ஊதிவிட்டு, கால் திருப்புக்கு மிகாமல் திருப்பி நிறுத்தி, குழிக்குள் எண்ணெயோ கார்புரேட்டர் கிளீனரோ விட்டு, கால் மணி நேரமாவது ஊறவைத்து, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுங்கள். பீங்கான் உடைந்தால் துண்டுகளை வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் மிச்சத்தை வெளியே இழுக்கவேண்டும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்தான் எல்லாவற்றிலும் மோசம். ஒவ்வொரு ஓட்டத்திலும் கடுமையாகச் சூடாகி ஆறும் இடம், எண்ணெய் ஒட்டாது, ஸ்டட் துரு தின்று நடுவில் இளைத்திருக்கும். இங்கே என் கருத்து தெளிவு: நட் போனால் போகட்டும், ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள். சூடு காட்டி ஒருமுறை முயன்று வரவில்லை என்றால் நட் ஸ்ப்ளிட்டரால் பிளந்துவிடுங்கள், இடமில்லாவிட்டால் உளியால் பக்கவாட்டில் வெட்டுங்கள். நட்டோடு ஸ்டட்டே சுழன்று வெளியே வந்தால் கவலைப்படாமல் வரவிடுங்கள், எப்படியும் புது ஸ்டட் போடவேண்டியதுதான். நட் வந்து ஸ்டட் மட்டும் நின்றால், அதன்மேல் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டைத் திருப்பினால் ஸ்டட் கழலும்.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பாகம்) பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் அடியில் எண்ணெய் விட்டு, உடம்பைப் பட்டை ரென்ச்சால் பிடித்து இடமும் வலமும் சுழற்றுவதே வழி. அடியில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் அலுமினியக் கழுத்து உடையும். தெர்மோஸ்டாட் ஹவுசிங், சிலிண்டர் ஹெட் இவற்றிலும் அப்படித்தான், கேஸ்கெட் (நடுவில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) உட்காரும் பரப்பில் எதையும் நுழைக்காதீர்கள், ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஹெட் விடவேயில்லை என்றால், எல்லா போல்ட்டையும் நட்டையும் எடுத்ததை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, வால்வ் மூடியிருக்கும் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் துளை வழியாக மெல்லிய பருத்திக் கயிற்றைத் திணித்து, ஒரு முனை வெளியே இருக்க, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) கையால் சுழற்றினால் பிஸ்டனே ஹெட்டை மேலே தள்ளிக்கொடுக்கும்.

என்ஜினே சுற்றவில்லை என்றால்

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் இல்லாமலோ கொதித்தோ நின்ற என்ஜின் என்றால் பேரிங்கோ பிஸ்டனோ உரசி ஒட்டியிருக்கிறது, அதற்கு ஊறவைப்பதில் பயன் இல்லை, பிரித்துத்தான் ஆகவேண்டும். நன்றாக ஓடி நிறுத்திவைத்து, வருஷக்கணக்கில் நின்று இறுகிய என்ஜின்தான் ஊறவைத்தால் பிழைக்கும். அதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு சிலிண்டரில்தான் சிக்கல், நின்ற நேரத்தில் எந்தச் சிலிண்டரின் வால்வ் திறந்திருந்ததோ அதன் வழியாக ஈரம் போய், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்திருக்கும்.

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன்னால், பிடித்திருப்பது என்ஜின்தானா என்று பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரெஸர் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் பல் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் போல்ட்டைத் தளர்த்தினாலே விட்டுவிடும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுங்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் நின்று அடைத்திருந்தால் அது அந்த வழியாக வெளியே வரும்.

சரி, என்ஜின்தான் என்று உறுதியாகிவிட்டதா. ஒவ்வொரு பிளக் துளையிலும் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி டிரான்ஸ்மிஷன் ஆயில் கலவை விடுங்கள், அசிட்டோன் வேண்டாம் என்றால் டீசலோடு கலந்தாலும் சரி. குழாய்க் கேமரா இருந்தால் உள்ளே பார்த்துவிடுங்கள், சுவரில் ஆரஞ்சு வளையம் தெரியும் சிலிண்டர்தான் உங்கள் எதிரி. படுக்கைவாட்டு என்ஜினிலும் வி வடிவ என்ஜினிலும் எண்ணெய் ஒரு பக்கமாகத் தேங்கும், காரின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சாய்வை மாற்றிக்கொடுக்கவேண்டும். ஒரு வாரம். குறைந்தால் மேலும் விடுங்கள். இதில் குறுக்குவழி கிடையாது.

அந்த வாரத்தில் ராக்கர் கவரைக் கழற்றி வால்வைப் பார்த்துவிடலாம். பிஸ்டனை விடுவித்துவிட்டு, திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும் வால்வில் மோதி வளைப்பது பெரிய பரிதாபம். புஷ்ராட் என்ஜின் (வால்வைத் திறக்கும் கேம் தண்டு கீழே இருக்கும் ரகம்) என்றால் ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள், எல்லா வால்வும் ஸ்பிரிங்கால் மேலே வந்து நிற்கவேண்டும். எது கீழேயே நிற்கிறதோ அதன் தண்டில் எண்ணெய் விட்டு, மெல்லிய சுத்தியலால் தட்டித் தட்டி விடுவியுங்கள். மேலே கேம் உள்ள என்ஜினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே வழக்கத்தை விடப் பெரிய இடைவெளி தெரிந்தால் அந்த வால்வ் ஒட்டியிருக்கிறது.

திருப்புவது கிராங்க் புல்லி போல்ட்டில், சாக்கெட்டும் அரை மீட்டர் பாரும் வைத்து, என்ஜின் ஓடும் திசையில். பலம் கொடுத்து அப்படியே ஒரு நிமிஷம் பிடித்திருங்கள், விடுங்கள், மறுபடி. எதிர்த்திசையில் ரொம்பக் கொஞ்சம் மட்டும், டைமிங் பெல்ட் பல் தாண்டிவிடக்கூடாது, புல்லி போல்ட்டும் கழன்றுவிடக்கூடாது. பாரின் மேல் ஏறி நிற்காதீர்கள். ஸ்டார்ட்டரை முடுக்கவே கூடாது, ரிங்கும் பல்லும்தான் உடையும். கை கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, ஆளை வைத்துப் பின்னும் முன்னும் ஆட்டலாம், மேல் கியரில்தான் சக்கரத்தின் விசை கிராங்குக்கு அதிகமாகப் போய்ச் சேரும். இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது வேண்டாம், கனெக்டிங் ராட் வளைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் ஜெயித்த மாதிரி, அதோடு நிறுத்தி, எண்ணெய் விட்டு, அடுத்த நாள் அந்த ஒரு மில்லிமீட்டரை இரண்டாக்குங்கள். முழுச் சுற்று வரும்வரை இப்படித்தான்.

வரவேயில்லை என்றால் ஹெட்டை எடுக்கவேண்டும். முதலில் பிஸ்டனுக்கு மேலே சுவரில் தெரியும் துருவைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தத் துருவின் மேல் ரிங் ஏற முடியாது. பிறகு சிலிண்டருக்குள் நுழையும் அளவு கெட்டி மரக்கட்டையை பிஸ்டன் மேல் வைத்துத் தட்டவேண்டும், நடுவில் அடிக்காமல் விளிம்பைச் சுற்றி. நடுவழியில் நிற்கும் பிஸ்டனுக்குத்தான் இது பொருந்தும். உச்சியிலோ அடியிலோ நிற்கும் பிஸ்டனை அடித்தால் அடி முழுக்க நேராக பேரிங்குக்குப் போகும், கிராங்க் சுற்றாது.

விடுபட்டதும் ஸ்டார்ட் செய்யும் ஆசை வரும். முதலில் ஆயிலை வடியுங்கள், ஊற்றினதெல்லாம் துருப்பொடியோடு அங்கேதான் இறங்கியிருக்கிறது. புது ஆயில், புது ஃபில்டர், பிளக் இல்லாமல் கையால் சில சுற்று, இக்னிஷன் இணைப்பைக் கழற்றி பிளக் துளைகள் மேல் துணி போட்டு ஸ்டார்ட்டரில் சில நொடி. பிளக் துளைகளிலிருந்து எண்ணெய் பீய்ச்சும், முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள். ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பிறகு கம்ப்ரெஷன் பாருங்கள். ஒரு சிலிண்டரில் குறைவாகக் காட்டினால் உடனே மனசு விட்டுவிட வேண்டாம், ஒட்டின ரிங் கொஞ்சம் ஓடினபிறகு விடுபடுவதும் உண்டு. பழைய டைமிங் பெல்ட்டை மட்டும் நம்பாதீர்கள், ஓட்டுவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

உடைந்தே போனால்

கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு வாஷரை வைத்து வெல்டு செய்து, வாஷர் மேல் ஒரு நட்டை வெல்டு செய்யுங்கள். பிடிமானம் கிடைப்பது ஒரு லாபம், வெல்டிங் சூடு உள்ளே போய் துருவை முறிப்பது பெரிய லாபம். ஆறவிட்டு, மெழுகு தொட்டு, ஆட்டி ஆட்டி எடுங்கள்.

மட்டத்தோடு உடைந்திருந்தால் துளையிடவேண்டும். பரப்பைத் தட்டையாக்கி, நட்ட நடுவில் சென்டர் பஞ்ச், இடது பக்கம் சுழலும் டிரில் பிட், முதலில் 3 மி.மீ. துளையிடும்போதே பல துண்டு தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும். வராவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் என்று விற்கும் இடது மரைக் கூம்பைப் போடுவார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முழு போல்ட்டாக இருந்தபோதே வராதது, அதை விட ஒல்லியான கம்பியை நடுவில் விட்டால் எப்படி வரும்? அது கடினமாக்கப்பட்ட ஸ்டீல், உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. நன்றாகச் சூடு காட்டிய பிறகு லேசான பலத்தில் மட்டும் முயலுங்கள். இல்லையென்றால் மரையின் அடிவரை துளையைப் பெரிதாக்கி (எம்6-க்கு 5 மி.மீ., எம்8-க்கு 6.8 மி.மீ.) மிச்ச மரையைக் கொக்கியால் சுருளாக உருவி எடுங்கள். துளை தடம் மாறினால் கம்பிச் சுருள் மரை போட்டுக்கொள்ளலாம், அலுமினியத்தில் அது முன்பிருந்ததை விட உறுதியாகவே இருக்கும்.

கழற்றி எடுக்கமுடிகிற சின்ன அலுமினியப் பாகத்தில் ஸ்டீல் துண்டு மாட்டியிருந்தால் படிகாரம் இருக்கிறது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்களின் வேலை இது. படிகாரத்தை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, பாகத்தை முக்கி, சூடு விடாமல் வைத்திருந்தால் ஸ்டீல் மெல்ல மெல்லக் கருத்துக் கரைந்துவிடும், அலுமினியம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நாள்கணக்கில் ஆகும், பாகத்தில் காப்பாற்றவேண்டிய வேறு ஸ்டீல் எதுவும் இருக்கக்கூடாது.

கழற்றின இரும்புப் பாகங்களின் துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு ராத்திரி போதும், எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, உடனே எண்ணெய் தடவவேண்டும். ஸ்பிரிங்கையும் உயர் வலுப் போல்ட்டையும் அமிலத்தில் போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். சலவை சோடாவில் மின்சாரம் விட்டு எடுக்கும் முறையும் நல்லது, பாகத்தில் எதிர்முனை, பழைய இரும்புத் தகட்டில் நேர்முனை. தகடு துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கக்கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். அலுமினியத்தை இதில் போட்டால் கரைந்துவிடும்.

மறுபடி பூட்டும்போது

துளையின் மரையை மரை சுத்தம் செய்யும் டேப் என்ற உருக்குக் கருவியால் துடைத்து, காற்றடித்து அடிவரை காலியாக்குங்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்க போல்ட்டை இறுக்கினால் திரவம் நசுங்க இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும், ஹெட் போல்ட் துளைகளில் இது அடிக்கடி நடப்பது. அலுமினியத்தில் போகும் ஸ்டீல் போல்ட்டுக்கும் எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்கும் ஆன்டி-சீஸ் பசை (மரை ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் பூச்சு) மெல்லிசாகத் தடவுங்கள். வழுக்கலால் அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு விசை) போல்ட் அதிகமாக இழுபடும் என்பதால் டார்க்கைக் கொஞ்சம் குறைக்கவேண்டும். ஹெட் போல்ட்டுக்கு, கையேடு சொன்னால் ஒழிய, இந்தப் பசை வேண்டாம். முலாம் பூசிய ஸ்பார்க் பிளக்குகளுக்கு இது தேவையில்லை என்று பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனமே சொல்கிறது. எக்ஸாஸ்ட்டில் பித்தளை நட்டோ செம்பு பூசிய நட்டோ போடுங்கள், ஒரு முறை என்ஜின் ஓடிச் சூடாகி முழுக்க ஆறின பிறகு அவற்றை மட்டும் திரும்பவும் டார்க் ரென்ச்சால் சரிபாருங்கள், கேஸ்கெட் அமுங்கியதில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.